ஆயுள் மீன்

சாக்கை விரித்துப் பொரிக்கடை போடுவதற்கு முன்னால் கோமு ஒரு பிடி பொரியை அள்ளி ஆற்றில் போடுவாள். பல வருஷமாக அதைப் பார்த்தவர்கள், சாமிக்குப் போடுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள். அவள் கும்பிட்டதில்லை. கண்ணை மூடியதும் இல்லை. கடைசிப் படியில் குத்தவைத்து, பொரி மிதந்து போகிற பக்கம் கழுத்தை நீட்டி, எந்த மீன் வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது வரவில்லை என்று பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் படித்துறையில் நிற்கிற ஆட்கள் பக்கம் திரும்புவாள். முதலில் அவர்கள் கையில் இருக்கிற பையைத்தான் பார்ப்பாள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கிற சிவன் கோயில் படித்துறை அது. கோயிலுக்கு வருகிறவர்கள் ஆற்றில் கால் நனைத்துவிட்டு மீனுக்குப் பொரி போடுவார்கள். படித்துறை மண்டபத்திலிருந்து ஆற்றின் போக்கில் கீழே நிற்கிற மருத மரம் வரைக்கும் யாரும் வலை வீசக் கூடாது என்பது ஊர்க்கட்டு. மருத மரத்துக்குக் கீழே அணைக்கட்டு வரைக்கும் யார் வேண்டுமானாலும் வீசலாம்.

கோமு மணிமுத்தாறு பக்கத்துப் பெண். ஆறாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை. வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தொண்டையை விட்டு வெளியே வராது. எழுந்து நிற்கவேண்டிய கஷ்டம் இனி இல்லை என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கல்யாணத்தில் மாமியார் வீட்டில் போட்ட கம்மல் கவரிங் என்பது காது புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். ஆட்களை மூன்று தடவை.

புருஷன் இறந்த பிறகு பொரி விற்க வந்தாள். மற்ற பொரிக்காரிகள் "யம்மா, மீனுக்குப் பொரி வாங்கிப் போடுங்க" என்று கூவுவார்கள். அவளுக்குக் கூவ வராது. அதனால் எல்லாருக்கும் கீழே, தண்ணீரை ஒட்டிய படியாகப் பார்த்து இடம் பிடித்துக்கொண்டாள். கூவுகிறவர்களைத் தாண்டி வந்தவர்கள் ஆற்றைப் பார்த்ததும் பொரி ஞாபகம் வந்து அவளிடம் வாங்கினார்கள்.

அப்போதெல்லாம் ஒரு பிடி போட்டால் தண்ணீர் கொதிப்பது போல இருக்கும். வாலோரம் கறுப்புப் பொட்டு வைத்த கெண்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் பெரிய சேல் மீன் மஞ்சளாகப் புரண்டு போகும். கல்லிடுக்கில் அயிரை மினுங்கும். சமீப வருஷங்களில் இது குறைந்தது. முதலில் சேலைக் காணோம். பிறகு அயிரையைக் காணோம். கெண்டைக் கூட்டமும் வரவர மெலிந்துகொண்டே வந்தது. அவை இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது. செதில் இல்லாத கறுப்பு உடம்பு, அகலமான வாய், வாயைச் சுற்றி மீசை, கை நீளம். சத்தமில்லாமல் மேலே வந்து, பொரியை வாயோடு வாரிக்கொண்டு கீழே போய்விடும். கோமு அதற்குக் கறுப்பன் என்று பெயர் வைத்தாள். பிள்ளைகளோடு வருகிற பெண்கள், "யாத்தாடி, பாம்பு கணக்கா இருக்கு" என்று பொரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.

யாரோ கெண்டையைக் கொண்டுபோகிறார்கள். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. அணைக்கட்டில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் மேல் ஒரு மாசம் சந்தேகம் இருந்தது. எண்ணெய்ச் சட்டியை ஆற்றில் கழுவுகிற வடைக்கடை மேல் கொஞ்ச நாள் இருந்தது. கடைசியில் அது ஹெப்ரான் மேல் போய் நின்றது.

ஹெப்ரான் சர்ச் தெருக்காரன். வீச்சு வலை ஒன்றுதான் அவனுக்குச் சொத்து. மருத மரத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசி, கிடைத்ததை ரோட்டோரமாக வைத்து விற்பான். விடியற்காலையில் அவன் படித்துறை வழியாகத்தான் போவான், வருவான். ஒருநாள் காலையில் கோமு வந்தபோது கடைசிப் படியில் ஈரம் காயாமல் செதில் கிடந்தது. கெண்டைச் செதில். தூரத்தில் ஹெப்ரானின் முதுகு தெரிந்தது. தோளில் வலை, கையில் நனைந்த பை.

அவள் அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். படித்துறைக்கு மேலே டீக்கடை வைத்திருக்கிற சுடலைமாடனிடம். புருஷன் வழியில் தம்பி முறை. அவளை மைனி என்று கூப்பிடுவான். ராத்திரிக்கு அவளுடைய பொரிச் சாக்கு அவன் கடைக்குள்தான் இருக்கும்.

"படியில செதில் கெடக்கு, சுடலை. அந்த வலைக்காரன் அங்கனதான் போறான்" என்றாள்.

"அப்படியா சங்கதி" என்றான் சுடலைமாடன்.

நான்கு நாளில் ஊர் முழுக்க, மண்டபத்துப் பக்கம் ஹெப்ரான் வலை வீசினதைக் கோமு கண்ணால் பார்த்தாள் என்று ஆகிவிட்டது. படித்துறைக் கமிட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். கோமு சாட்சி சொல்லவேண்டும். குற்றம் உறுதியானால் மண்டபத்திலிருந்து அணைக்கட்டு வரைக்கும் அவன் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. அணைக்கட்டுக்குக் கீழே வலை வீசும் அளவுக்குத் தண்ணீர் நிற்பதில்லை. ஆக, அவன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வாழைத்தார் சுமக்கப் போகவேண்டும். அவனுக்கு இடுப்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலையில் ஹெப்ரான் நேராக அவளிடம் வந்தான்.

"யக்கா, நான் மண்டபத்துப் பக்கம் வலை வீசுனதை எப்பம் பார்த்தீய?"

கோமு அவன் பையைப் பார்த்தாள்.

"என் மூஞ்சியப் பாருங்க. பையை என்னத்துக்குப் பாக்கீய? சரி, பையத்தான் பாருங்க." பையைத் தலைகீழாகப் படியில் கொட்டினான். நான்கைந்து ஜிலேபி மீன், ஒரு கறுப்பன். "இவ்வளவுதான் கெடைக்கி. அங்கன என் துறையில தண்ணி தெரியாம அமலைச் செடி அடைச்சுக் கெடக்கு. அதான் வலையை இங்கன வந்து அலசுதேன். மருத மரத்துக்குக் கீழ பட்ட கெண்டை ஒண்ணு ரெண்டோட செதிலு வலையில ஒட்டியிருக்கும். அது குத்தமா?"

அவள் பொரிச் சாக்கின் வாயைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் மீன்களைத் திரும்பப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனான். பையைக் கேட்காமலே கொட்டிக் காட்டுகிறவன், காட்டக்கூடாததை வேறு எங்கேயோ வைத்துவிட்டுத்தானே வந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ரீபா வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆற்று மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். கோயிலில் அனுமதி வாங்கி, கூண்டு மாதிரி ஒரு வலையை மாதம் ஒரு தடவை தண்ணீருக்குள் இறக்கி, மறுநாள் காலையில் தூக்குவாள். உள்ளே விழுந்ததை அளந்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவாள். விடுகிறாளா என்று பார்க்கக் கோமு ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து நிற்பாள். ரீபா ஆரம்பத்தில் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட் கொடுத்தாள்.

"ஹெப்ரான் ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் கோமு.

"எந்த ஹெப்ரான்?"

"வலைக்காரன். ஒங்க ஆளுகதானே."

"நல்லா இருக்கேக்கா. ரெண்டும் பைபிள் பேருன்னா சொந்தமாயிருமா? இந்தத் தெருவுல கோமுன்னு கூப்பிட்டா எத்தனை கதவு திறக்கும்? அவ்வளவு பேரும் ஒங்க சொந்தமா?"

கோமுவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பேசிக்கொண்டே ரீபா முந்தின நாள் இறக்கியிருந்த கூண்டை இழுத்துப் படியில் கவிழ்த்தாள். ஒரே ஒரு மீன்தான். முழங்கை நீளத்தில் ஒரு கறுப்பன். கெண்டையாக இருந்தால் நான்கு துள்ளல் துள்ளி வாயைப் பிளந்திருக்கும். இது துள்ளவில்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு முள்ளையும் கை போல ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, தண்ணீரை நோக்கிப் படியில் ஊர்ந்தது.

ரீபா குறுக்கே காலை வைத்துத் தடுத்தாள். "இதை மட்டும் திரும்ப விடமாட்டேன்" என்று சொல்லி, மண்டையில் தட்டி, பிளேடால் வயிற்றைக் கீறினாள். உள்ளே மூன்று கெண்டை இருந்தன. இரண்டு கூழாகியிருந்தன. ஒன்றின் வாலோரம் கறுப்புப் பொட்டு அழியாமல் இருந்தது.

கோமு குனிந்து அதையே பார்த்தாள்.

"அப்பம் ஹெப்ரான் பிடிக்கலியா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. அவரு பிடிச்சதை நான் பார்க்கல, பிடிக்காததையும் பார்க்கல. ஒரு வீச்சு வலையில எத்தனை போயிரும்? மேல மருதூர் அணைக்கட்டு, கீழ ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. நடுவுல இந்த மீனெல்லாம் பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி கெடக்கு. புது வெள்ளம் வந்தா கெண்டை எதிர்த்து ஏறிப் போயி முட்டை போடும். இப்பம் எங்கன ஏற? ஆறு ஏறுததும் எறங்குததும் மழைக்கு இல்ல, நெல்லுக்கு. கார் நடவுக்கும் பிசான நடவுக்கும் தண்ணி தொறந்தா ஏறுது, அடைச்சா எறங்குது. போட்ட முட்டை கரையில காஞ்சு போவுது. அப்படியும் தப்பிப் பொரிக்கிற குஞ்சை இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி தின்னுருது. இதை வளக்கவே கூடாதுன்னு தடை இருக்கு."

"பொறவு எப்படி வந்துச்சு?"

"எவனாவது குட்டையில வளத்திருப்பான், வெள்ளத்துல தப்பியிருக்கும். இல்லேன்னா யாராச்சும் கொண்டாந்து விட்டிருப்பாங்க."

விட்டிருப்பாங்க. அந்த வார்த்தையில் கோமு நின்றுவிட்டாள்.

சுடலைமாடனின் டீக்கடை வாசலில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. அதன் மேல் "ஆயுள் மீன் கிடைக்கும்" என்று அட்டை தொங்கும். டவுணில் இருக்கிற ஜோசியர்கள் சிலர், கண்டம் இருக்கிற ஜாதகத்துக்கு உயிர் மீனை வாங்கி ஆற்றில் விடச் சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் அப்படி வருகிறவர்கள் அதிகம். டிரம்மில் விரல் நீளத்துக்கு மீன் குஞ்சுகள் நெளியும். கிண்ணத்தில் அள்ளித் தருவான். வாங்கியவர்கள் கண்டம் உள்ளவரின் தலையைச் சுற்றி ஆற்றில் விடுவார்கள். போன கோடையில் அப்படி ஒரு குஞ்சு கிண்ணத்திலிருந்து தவறி சிமெண்ட் ரோட்டில் விழுந்தது. கொதிக்கிற வெயிலில் அது இரண்டு முள்ளையும் ஊன்றி, வளைந்து வளைந்து, ரோட்டைக் கடந்து ஓடைக்குள் போய்விட்டது. "பாத்தீயளா மைனி, ஆயுளு கெட்டி" என்று சுடலைமாடன் சிரித்தான். கோமுவும் சிரித்தாள். டிரம்முக்குள் இருந்ததற்கு அவன் ஒரு பெயர் வைத்திருந்தான். ஆற்றுக்குள் இருந்ததற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். பெயர் வேறாக இருந்ததால் மீனும் வேறு என்று இருந்துவிட்டாள்.

டீ குடிக்கிற சாக்கில் போய் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். மீசை இருந்தது. செதில் இல்லை.

"இது என்ன மீனு, சுடலை?"

"ஆயுள் மீனு."

"அது நீ வச்ச பேரு. ஒனக்குக் குஞ்சு விக்கிற குட்டைக்காரன் என்ன பேரு சொல்லித் தாரான்?"

"கெளுத்தின்னான். என்ன மைனி, இன்னிக்கு நம்ம பையில சோதனையா?" அவன் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினான். "முதல்ல நான் கெண்டைதான் பிடிச்சாந்து வச்சேன். கிண்ணத்துக்கு வாரதுக்குள்ள செத்துப் போவும். டவுண்ல இருந்து வந்த ஒரு அம்மா மகனுக்காக வாங்கி, கையில எடுக்கா, அது கண்ணைச் செருகிட்டு. அந்த அம்மா அழுத அழுகை இருக்கே. உயிரு மீனுன்னு கேட்டு வந்தவளுக்குப் பொணத்தைக் குடுத்தா எப்படி இருக்கும்? அதுக்குப் பொறவுதான் சாவாத மீனா ஒண்ணு எங்கன கெடைக்கும்னு தேடி அலைஞ்சேன்."

"அது கெண்டையைத் தின்னுது."

"இந்த விரல் தண்டி மீனா?"

"வளராதா?"

சுடலைமாடன் டம்ளரை அவள் முன்னால் வைத்தான். சிரிப்பு போயிருந்தது. "மைனி, ஹெப்ரானைச் சொன்னது நீங்க. நீங்க சொன்னதை நம்பித்தான் நான் நாலு பேருட்ட சொன்னேன். இப்பம் என்னைச் சொல்லுதீய. நாளைக்கு யாரைச் சொல்லுவீய?"

அவள் டீயைக் குடித்துவிட்டு இறங்கினாள். இவன் தெரியாமல்தான் விட்டானா, இல்லை தெரிந்துதான் ஹெப்ரான் பேரை அவ்வளவு வேகமாக ஊர் முழுக்கப் பரப்பினானா என்று அன்று முழுவதும் யோசித்தாள். இரண்டுக்கும் நியாயம் இருந்தது. எதற்கும் சாட்சி இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கமிட்டித் தலைவர் திருஞானசம்பந்தம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரைச் சார்வாள் என்பார்கள். ஹெப்ரான் மண்டபத்துக்குள் வராமல் வெளியே தூணுக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏன் வே, அணைக்கட்டுக்குக் கீழ போயி வீசுனா என்ன? அங்க ஆறு இல்லியா?" என்றான் ஒருவன்.

"வாரும், போவம். நீரு முதல்ல எறங்கும். தண்ணி கணுக்காலு நனைச்சிட்டா என் வலையை ஒமக்கே குடுத்துருதேன்" என்றான் ஹெப்ரான். சிலர் சிரித்தார்கள்.

சார்வாள் கையை உயர்த்தினார். "பேச்சு வேண்டாம். கோமு, நீதாம்மா நாள் முழுக்க அங்கன இருக்க. என்ன பாத்தியோ அதைச் சொல்லு. பயப்படாத."

அவள் எழுந்து நின்றாள். வகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது. முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுடலைமாடன் மைனி என்று கூப்பிடுவான். சாக்கு கடைக்குள் இருக்கும். ஹெப்ரான் கள்ளன்தான் என்று அவள் மனசில் பாதி இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது.

"வலை வீசுனதை நான் பார்க்கல" என்றாள்.

"கேக்கல. ஓங்கிச் சொல்லு."

"நான் பார்க்கல. செதிலைத்தான் பாத்தேன். வலை அலசுத எடத்துல செதிலு கெடக்கும். நான் அதை நெனைக்கல."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உட்கார்ந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை. "கறுப்பு மீனு வயித்துல கெண்டையப் பாத்தேன். அது நேத்துப் பாத்தது. அந்த மீனுதான் டிரம்முல இருக்கு. சின்னதா இருக்கு. விட்டா பெரிசாவுது."

பின்னால் இருந்து ஒருவன், "அப்பம் தன்னோட அறுபதாம் கல்யாணத்துக்குப் பித்தளை அண்டாவுல ஆயுள் மீனைக் கொண்டாந்து விட்டாவளே சார்வாள், அவுகளைத்தான் முதல்ல கட்டி வைக்கணுமா?" என்றான். மண்டபமே சிரித்தது.

சார்வாள் சிரிக்கவில்லை. முகம் சிறுத்துவிட்டது. "சாமியை நெனைச்சு விட்ட உசுரு எப்படிம்மா கெடுதல் பண்ணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் சொல் என்பது போலக் கேட்டார்.

கோமு உட்கார்ந்துவிட்டாள்.

"மைனிக்கு இப்பம் மீனு மேலயும் சந்தேகம் வந்துட்டு" என்று சுடலைமாடன் பொதுவாகச் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

ஹெப்ரான் மேல் சாட்சி இல்லை என்பதால் அவன் எப்போதும் போல மருத மரத்துக்குக் கீழே வீசலாம் என்று சார்வாள் சொன்னார். மீன் விஷயத்தைப் பிறகு விசாரிக்கலாம் என்றார். ஹெப்ரான் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவ்வளவு அவசரமாக எங்கே போகிறான் என்று கோமு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளுடைய சாக்கு டீக்கடைக்கு வெளியே இருந்தது. பனியில் பொரி நமுத்துப் போயிருந்தது. சுடலைமாடன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவள் அன்றிலிருந்து சாக்கை வீட்டுக்கே தூக்கிப் போய், காலையில் தூக்கி வருகிறாள்.

இது நடந்து ஒரு கார் அறுவடை, ஒரு பிசான அறுவடை முடிந்துவிட்டது. ரீபா எடுக்கிற கூண்டில் சில மாதம் இரண்டு கெண்டை விழுகிறது, சில மாதம் ஒன்றும் இல்லை. படித்துறையில் டிரம் இல்லை. சார்வாள் சொல்லி எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு. சுடலைமாடன் தானாகவே எடுத்தான் என்று இன்னொரு பேச்சு. அது இப்போது பஸ் ஸ்டாப்பில் பூக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஆயுள் மீன் விற்கிறது. வாங்கியவர்கள் ஆற்றின் மேல் பக்கத்துத் துறையில் மீனைக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஹெப்ரான் மருத மரத்துக்குக் கீழே வலை வீசுகிறான். கோமுவிடம் பேசுவதில்லை. மீன் விஷயத்தைக் கமிட்டி இன்னும் விசாரிக்கவில்லை.